முதலில் எந்த மெக்சிகோ குற்றப்படம்? சிரிப்பு எங்கே நிற்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

"மெக்சிகோ டார்க் காமெடி எல்லாம் நல்லா இருக்குமாமே, எதுல ஆரம்பிக்கலாம்?" நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற சினிமாக் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் 'பெட்டர் கால் சால்' தொடரில் லாலோ சலமன்காவாக வந்த டோனி டால்டனைப் பார்த்துவிட்டு, இவர் சொந்த ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தேடப் போனவர்கள். நாலைந்து பெயர்கள் கிடைத்திருக்கும். அதற்கு மேல் எதைத் தொடுவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

முன்பெல்லாம் நான் யோசிக்காமல் 'எல் இன்ஃபியெர்னோ' என்று சொல்லிவிடுவேன். எனக்கு மிகவும் பிடித்த படம். அப்படிச் சொன்னதைக் கேட்டு ஒரு நண்பன் சனிக்கிழமை சாயங்காலம் மனைவி, மாமனாரோடு உட்கார்ந்து அதைப் போட்டுவிட்டான். முதல் முக்கால் மணி நேரம் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் மாமனார் எழுந்து வாசலுக்குப் போனவர், படம் முடியும்வரை உள்ளே வரவில்லை. மறுநாள் காலை போன் வந்தது: "காமெடின்னுதானே சொன்ன?" தவறு என்னுடையதுதான். அது நல்ல படமா என்று மட்டும் நினைத்தேன். அந்த வீட்டுக்கு, அந்தச் சாயங்காலத்துக்கு ஏற்ற படமா என்று நினைக்கவில்லை.

அதனால் இப்போது கேட்டவரைத் திருப்பிச் சில கேள்விகள் கேட்டபிறகுதான் பெயர் சொல்கிறேன். அந்தக் கேள்விகளையும், அவற்றைக் கொண்டு ஐந்து படங்களை எப்படி எடைபோடுகிறேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். ஆரம்பக் கதையைத் தொடுவேன், முடிவுகளைச் சொல்ல மாட்டேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது: சிரிப்பு எங்கே நிற்கிறது? அவல நகைச்சுவை என்று பெயர் வாங்கிய படங்களில் பெரும்பாலானவற்றில் ஓர் இடம் வரும். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நமக்கு அங்கே தொண்டை அடைக்கும். சில படங்களில் அந்த இடம் வருவதே இல்லை. சிலவற்றில் கடைசி நிமிடத்தில் வரும். சிலவற்றில் பாதியிலேயே வந்து, போன சிரிப்பு திரும்பி வராது. இந்த மூன்றும் மூன்று வேறு அனுபவங்கள். ஒன்றை எதிர்பார்த்து இன்னொன்றில் போய் உட்கார்ந்தால், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, பக்கத்தில் யார் இருப்பார்கள்? ரத்தம், கெட்ட வார்த்தை, படுக்கையறைக் காட்சி இந்த வகைப் படங்களில் சகஜம். ஆனால் அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு.

மூன்றாவது, மெக்சிகோவைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? எதுவும் தெரியாமலே ரசிக்கக்கூடிய படமும் இருக்கிறது. பத்து நிமிடம் வரலாறு படித்துவிட்டு உட்கார்ந்தால் இரண்டு மடங்கு பிடிக்கிற படமும் இருக்கிறது.

நான்காவதை யாரும் யோசிப்பதில்லை: சப்டைட்டிலில் எவ்வளவு தொலைகிறது? மெக்சிகோ ஸ்பானிஷில் 'அல்பூர்' என்று ஒரு பேச்சு விளையாட்டு உண்டு. சாதாரண வார்த்தையையே வேறு அர்த்தம் தொனிக்கச் சொல்லி எதிராளியை மடக்குவார்கள். பதில் சொல்லத் தெரியாதவன் தோற்றவன். நம் இரட்டை அர்த்தப் பேச்சைப் போன்றதுதான், ஆனால் போட்டியாகவே நடக்கும். அதுபோல 'வேய்' என்ற சொல். நாம் 'மச்சி' போடுகிற மாதிரி வாக்கியத்துக்கு வாக்கியம் போடுவார்கள், தொனியைப் பொறுத்து அது அன்பாகவும் இருக்கும், திட்டாகவும் இருக்கும். ஆங்கில சப்டைட்டில் இதையெல்லாம் தட்டையாக்கிவிடுகிறது. அதைப் படித்துத் தமிழில் உள்வாங்குகிற நமக்கு அசலிலிருந்து இரண்டு படி தூரம். பேச்சை நம்பி ஓடுகிற படத்தில் நாம் இழப்பது அதிகம், காட்சியை நம்பி ஓடுகிற படத்தில் குறைவு.

கடைசியாக, மறுநாள். சில படங்கள் இரவோடு போய்விடும். சில இரண்டு நாள் கூடவே வரும். வேலை இருக்கிற வாரத்தில் இது முக்கியம்.

படங்களுக்குள் போவதற்கு முன் ஒரு விஷயம். "மெக்சிகோக்காரர்கள் மரணத்தைப் பார்த்தே சிரிப்பவர்கள், அதனால்தான் இப்படிப் படம் எடுக்கிறார்கள்" என்று ஒரு விளக்கம் எங்கும் கிடைக்கும். இறந்தோர் நாளில் செய்கிற சர்க்கரை மண்டையோடுகளையும், ஹோசே குவாதலூப்பே போசாதா (1852–1913) செதுக்கிய எலும்புக்கூட்டு ஓவியங்களையும் சாட்சியாகக் காட்டுவார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், பெரும்பாலும் கேலிக்கு ஆளாவது மரணம் அல்ல, மேலே உட்கார்ந்திருப்பவன்தான்: முதலாளி, மேயர், போலீஸ் அதிகாரி, அப்பா. மெக்சிகோவில் 1929 முதல் 2000 வரை 71 ஆண்டுகள் ஒரே கட்சிதான் ஆண்டது. சட்டம் என்பது யாரோ சிலருடைய சொத்து என்று மூன்று தலைமுறை பார்த்து வளர்ந்த ஊரில், குற்றம் செய்யக் கிளம்புகிறவன் வேலைக்கு மனுப் போடுகிறவனைப் போலத் தெரிகிறான். அந்த மனுவைக்கூடத் தப்பும் தவறுமாகப் போடுகிறான். சிரிப்பு அங்கிருந்து வருகிறது.

## மாத்தாந்தோ காபோஸ் (2004)

டோனி டால்டனைத் தேடி வந்தவர்களுக்கு விடை இதுதான். நடித்ததோடு திரைக்கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு. இயக்கம் அலெஹாந்த்ரோ லோசானோ.

ஹாக்கே என்ற இளைஞன் தன் முதலாளி ஆஸ்கார் காபோஸின் மகளைக் காதலிக்கிறான். முதலாளியின் அறையில் நடக்கிற கைகலப்பில் அவர் தலையில் அடிபட்டு மயங்கிவிடுகிறார். அதே நாளில் அவரைக் கடத்திப் பணம் பறிக்க இன்னொரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. அவர்கள் தூக்கிக்கொண்டு போனதோ காபோஸின் உடையை மாட்டியிருந்த துப்புரவுத் தொழிலாளியை. அவர் கடத்தியவனுடைய சொந்த அப்பா. நிஜ முதலாளி ஹாக்கேயின் பொறுப்பில், கார் டிக்கிக்குள்.

பெயரிலேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. ஸ்பானிஷில் 'ஆத்தாந்தோ காபோஸ்' என்றால் நுனிகளை முடிச்சுப் போடுவது, அதாவது துப்புகளைக் கோர்த்து விஷயத்தைப் புரிந்துகொள்வது. முன்னால் ஓர் எழுத்துச் சேர்த்தால் 'காபோஸைக் கொல்வது'. 'ஹாக்கே' என்பது சதுரங்கத்தில் 'செக்' வைக்கும்போது சொல்கிற வார்த்தை. சப்டைட்டிலில் இவை வராது. இருந்தும் இங்கே இழப்பு பெரிதில்லை, ஏனென்றால் படம் ஓடுவது ஆள்மாறாட்டத்தை நம்பி. யார் யாரைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது மொழி தெரியாமலே புரியும்.

இதில் கொஞ்சம் பின்னணி தேவைப்படுகிற ஒரே இடம் மல்யுத்தம். ஹோவாக்கின் கோசியோ நடித்திருக்கும் 'மாஸ்கரீத்தா' லூச்சா லிப்ரே எனப்படும் மெக்சிகோ முகமூடி மல்யுத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற வீரன். பெயருக்குக் குட்டி முகமூடி என்று பொருள். அந்த ஊரில் மல்யுத்த வீரனுக்கு முகமூடிதான் மானம். எல் சாந்தோ என்ற மாபெரும் வீரர் 1984-இல் இறந்தபோது வெள்ளி முகமூடியோடுதான் அடக்கம் செய்யப்பட்டார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், மாஸ்கரீத்தா பேசுகிற வீராப்பில் கொஞ்சம் சோகமும் கேட்கும்.

மறைந்திருக்கும் விலை என்ன? முதல் இருபது நிமிடம் கவனம் சிதறினால் யார் யாரென்று குழம்பிவிடும். போனை அந்தப் பக்கம் வைத்துவிட வேண்டும். குள்ளமான மனிதர் ஒருவரின் உயரத்தை வைத்து வரும் சிரிப்புகள் இன்றைக்கு எனக்கு ரசிக்கவில்லை. சிரிப்பு எங்கேயும் நிற்காத படம் என்பதால் மறுநாள் காலை பெரிதாக எதுவும் மிஞ்சுவதும் இல்லை. நாலு பேர் சேர்ந்து வெள்ளிக்கிழமை இரவு பார்ப்பதற்கு அதுவே பொருத்தம். 2021-இல் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகம் பிடித்தால் மட்டும் தேடுங்கள்.

## நிக்கோத்தீனா (2003)

ஹூகோ ரோத்ரிகேஸ் இயக்கம். டியேகோ லூனா கணினித் திருடன். ஸ்விஸ் வங்கிக் கணக்குகளின் ரகசியக் குறியீடுகளை ஒரு சிடியில் கொடுத்தால், ஒரு ரஷ்யனிடமிருந்து வைரங்கள் கைமாறும். பையன் எடுத்துக்கொண்டு போன சிடி மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரே இரவில், படம் ஓடுகிற நேரமும் கதை நடக்கிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, வைரத்தின் வாசனை ஒரு முடிதிருத்தும் கடைத் தம்பதியிடமும் ஒரு மருந்துக்கடைத் தம்பதியிடமும் போய்ச் சேர்கிறது.

எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது திருடர்கள் அல்ல, அந்த முடிதிருத்துபவரின் மனைவிதான். வாழ்க்கை முழுக்க அடக்கமாக இருந்த பெண்மணி, பணம் கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் என்னவாக மாறுகிறாள் என்பதை ரோசா மரியா பியாங்கி காட்டுகிற விதம் உறைய வைக்கும். சிரிப்பு நிற்பது அந்தக் கடைக்குள்தான்.

விலை: கதாநாயகன் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேமரா வைத்து ரகசியமாகப் பார்ப்பவன். படம் அதை ஒரு பலவீனம் போலக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. உங்களோடு பார்ப்பவர்களில் ஒரு பெண் இருந்தால், அந்தக் காட்சிகளில் அறை சங்கடமாகும். ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற, கச்சிதமான இயந்திரம்போல ஓடுகிற திரைக்கதை வேண்டும் என்பவர்களுக்கும், திரைக்கதை எழுதிப் பழகுபவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். மற்றவர்களுக்கு இது இரண்டாவது படமாகவே இருக்கட்டும்.

## முசேயோ (2018)

1985 டிசம்பர் 25 அதிகாலை, மெக்சிகோ நகரத்தின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் களவு போயின. பலெங்கே நகரத்து மாயா மன்னன் பாகாலின் பச்சைக்கல் முகமூடி, சபோத்தெக் மக்களின் வௌவால் கடவுள் முகமூடி, கருங்கண்ணாடிக் கல்லில் குடைந்த குரங்குக் கலயம் எல்லாம் அதில் சேர்த்தி. செப்டம்பர் 19 பூகம்பத்தில் நகரம் இடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எச்சரிக்கை மணி வேலை செய்யவில்லை, காவலர்கள் பண்டிகைக் கொண்டாட்டத்தில் இருந்தார்கள். சர்வதேசக் கொள்ளைக் கும்பல் என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1989-இல் ஒருவன் பிடிபட்டபோதுதான் தெரிந்தது, நகரத்தின் புறத்தே சாத்தேலித்தே என்ற நடுத்தர வர்க்கக் குடியிருப்பைச் சேர்ந்த, படிப்பை முடிக்காத இரண்டு இளைஞர்கள் என்று. உலகத்தின் விலைமதிப்பற்ற பொருட்கள் நீண்ட காலம் ஒரு வீட்டு அலமாரியில் பையோடு கிடந்திருக்கின்றன. பெரும்பாலானவை திரும்பக் கிடைத்தன.

இதை வைத்து அலோன்சோ ருயிஸ்பலாசியோஸ் எடுத்த படம்தான் முசேயோ. கயேல் கார்சியா பெர்னாலும் லியோனார்தோ ஒர்த்தீஸ்கிரிஸும் நடித்திருக்கிறார்கள். 2018 பெர்லின் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. நடந்ததை நடந்தபடி சொல்வதாகப் படம் உரிமை கோருவதில்லை. அசலின் நகல் என்று ஆரம்பத்திலேயே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அருங்காட்சியகப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை எனக்குத் தோன்றவில்லை.

படத்தின் தொடக்கத்தில் ஒரு பழைய சம்பவம் வருகிறது. அதைத் தவறவிடாதீர்கள். 1964-இல் இந்த அருங்காட்சியகம் திறக்கப்படவிருந்த சமயம், கோவாத்லின்சான் என்ற கிராமத்தில் கிடந்த மழைக்கடவுள் த்லாலோக்கின் பிரம்மாண்டக் கற்சிலையை அரசாங்கம் ராட்சத வண்டியில் ஏற்றித் தலைநகரத்துக்குக் கொண்டுவந்தது. எடை ஏறக்குறைய 168 டன். கிராமத்து மக்கள் எதிர்த்தார்கள். ராணுவத்தை வைத்துத்தான் எடுக்க முடிந்தது. சிலை நகரத்துக்குள் நுழைந்த அன்று கோடையில் பெருமழை கொட்டியது. படம் இதைக் காட்டிவிட்டுப் பேசாமல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. அப்புறம் அந்தப் பையன்கள் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நமக்குள் ஒரு கேள்வி ஓடும்: முதலில் எடுத்தது யார்?

களவுக் காட்சி நீளமானது, பேச்சே கிடையாது. மூச்சும் கையுறையும் கண்ணாடியும் மட்டும்தான். சப்டைட்டில் பிரச்சினை அறவே இல்லாத பத்து நிமிடங்கள் வேண்டுமென்றால் இங்கே இருக்கிறது. சிரிப்பு நிற்பது அதற்கு வெகு தூரம் தள்ளி. திருடியதை விற்க அகாபுல்கோவுக்குப் போய் ஓர் ஆங்கிலேயச் சேகரிப்பாளரைப் பார்க்கிறார்கள். இவ்வளவு பெயர்பெற்ற பொருளை உலகத்தில் யாரும் வாங்க முடியாது என்று அங்கேதான் இவர்களுக்கு விளங்குகிறது. அந்த நேரம் கயேலின் முகத்தைப் பாருங்கள். அப்பாவிடம் தன்னை நிரூபிக்க நினைத்த பையன், ஒரு நாட்டின் சொத்தைப் பையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான்.

விலை: களவு முடிந்தபிறகு படம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சாலைப் பயணமாக மாறுகிறது. கொள்ளைப் படத்தின் விறுவிறுப்பை எதிர்பார்த்தவர்கள் இரண்டாம் பாதியில் நெளிவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ரத்தம் மிகக் குறைவு என்பதால் இந்த ஐந்தில் வளர்ந்த பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் பார்க்க ஓரளவு ஏற்றது இதுதான், ஒன்றிரண்டு காட்சிகள் நீங்கலாக. வரலாறு, தொல்லியல் ஆர்வம் உள்ள வீடு என்றால் வேறு படம் தேட வேண்டியதில்லை.

## எல் இன்ஃபியெர்னோ (2010)

பெயருக்கு நரகம் என்று அர்த்தம். இயக்குநர் லூயிஸ் எஸ்த்ராதா. 1999-இல் 'லா லேய் தே எரோதேஸ்' என்ற படத்தில், ஆண்டுகொண்டிருந்த கட்சியைப் பெயர் சொல்லியே கிழித்தவர். அதை முடக்கப் பார்த்தார்கள். அந்த முயற்சியே பெரிய சர்ச்சையாகிப் படத்துக்குக் கூட்டம் சேர்த்தது. அடுத்த ஆண்டு தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது. அப்படிப்பட்டவர் 2010-க்கு என்ன எடுப்பார்? 1810-இல் தொடங்கிய சுதந்திரப் போருக்கு 200-வது ஆண்டு, 1910 புரட்சிக்கு 100-வது ஆண்டு என்று நாடே கொடி கட்டிக்கொண்டிருந்த நேரம். இந்தப் படத்தின் சுவரொட்டி 'கொண்டாட ஒன்றுமில்லை' என்று சொன்னது.

பென்னி என்ற பெஞ்சமின் கார்சியா 20 வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, நாடு கடத்தப்பட்டு ஊர் திரும்புகிறான். ஊரின் பெயர் சான் மிகேல் நார்காங்கெல். 'ஆர்காங்கெல்' என்றால் தலைமைத் தேவதூதர். முன்னால் ஓர் எழுத்துச் சேர்ந்ததில் தேவதூதர் போதை வியாபாரியாகிவிட்டார். தம்பி கொல்லப்பட்டிருக்கிறான். ஊரில் வேலை இல்லை, ஒரே முதலாளி போதைக் கும்பல். நேர்மையாகப் பிழைக்கத்தான் முதலில் பார்க்கிறான். தம்பியின் குடும்பத்துக்குப் பணம் தேவைப்படும்போது, பால்ய நண்பன் கோச்சிலோகோவிடம் போய் நிற்கிறான்.

பென்னியாக தாமியான் அல்காசார், கோச்சிலோகோவாக ஹோவாக்கின் கோசியோ. இவர்கள் இரண்டு பேருக்காகவே இந்தப் படத்தை நான் எத்தனை தடவையும் பார்ப்பேன். கொலை செய்வதை கோச்சிலோகோ ஒரு கம்பெனி உத்தியோகம் மாதிரி விளக்குவான்: என்ன சம்பளம், என்ன சலுகை, எதைக் கேட்கக் கூடாது. ரத்தத்தைக் கண்டு குடல் புரளுகிற பென்னி மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறான். புது உடை, புது வண்டி, ஊரில் மரியாதை. நாம் சிரித்துக்கொண்டே அவனோடு கூடவே பழகிக்கொள்கிறோம். எஸ்த்ராதாவின் திறமை இங்கேதான் இருக்கிறது. எந்தக் காட்சியில் நாம் சிரிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும் என்று பின்னால் யோசித்தால் கண்டுபிடிக்க முடிவதில்லை. பாதியைத் தாண்டியதும் சிரிப்பு போய்விடுகிறது, திரும்பி வருவதே இல்லை.

அந்த நேரத்து மெக்சிகோவை நினைத்துக்கொள்ள வேண்டும். அதிபர் பெலிப்பே கால்டெரோன் 2006 டிசம்பரில் போதைக் கும்பல்களுக்கு எதிராக ராணுவத்தை இறக்கியிருந்தார். தினமும் பத்திரிகையில் பிணங்கள். அதைப் படித்துவிட்டுத் தியேட்டருக்கு வந்த மக்களுக்கு இது மிகைப்படுத்தலாகத் தெரியவில்லை. நமக்குத் தெரியலாம். அதனால்தான் இந்த ஒரு படத்துக்கு மட்டும் முன்கூட்டியே பத்து நிமிடம் படித்துவிட்டு உட்காருங்கள் என்கிறேன். மெக்சிகோவின் முக்கியத் திரைப்பட விருதான ஆரியேலில் 2011-இன் சிறந்த படம் இதுதான். அல்காசாருக்கும் கோசியோவுக்கும் நடிப்புக்கான விருதுகள் கிடைத்தன.

விலை அதிகம், மறைக்க விரும்பவில்லை. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். சித்திரவதை, உடல் துண்டிப்பு நேரடியாகக் காட்டப்படுகிறது. பேச்சு முழுக்கக் கெட்ட வார்த்தைகளால் பின்னப்பட்டது, அதன் தாளம்தான் பாதி நகைச்சுவை, சப்டைட்டிலில் அது மிஞ்சுவது குறைவு. மறுநாளும் கூடவே வரும். வீட்டில் யாராவது சமீபத்தில் உறவினரை இழந்திருந்தால் இப்போதைக்கு வேண்டாம். தனியாகவோ, இந்த மாதிரிப் படத்துக்குத் தயாரான ஒருவரோடோ, அவசரமில்லாத நாளில் பாருங்கள். இந்த ஐந்தில் எதை நீங்கள் பத்து வருடம் கழித்தும் நினைவில் வைத்திருப்பீர்கள் என்று கேட்டால் என் பதில் இதுதான்.

## என்சாயோ தே உன் கிரிமென் (1955)

ஸ்பெயினில் பிறந்த இயக்குநர் லூயிஸ் புனுவல் என்றதும் பலர் பிரான்ஸை நினைக்கிறார்கள். அவர் மெக்சிகோக் குடிமகனாகி, தன் படங்களில் பெரும்பகுதியை அங்கேதான் எடுத்தார். இது ரொதோல்போ உசிக்லியின் நாவலிலிருந்து எடுத்தது. ஒரு குற்றத்துக்கான ஒத்திகை என்று பொருள்.

ஆர்சிபால்தோ சிறுவனாக இருந்தபோது, ஓர் இசைப்பெட்டிக்கு யாரை நினைத்தாலும் கொல்லும் சக்தி இருக்கிறது என்று தாதி கதை சொல்கிறாள். அவன் அவளையே நினைக்கிறான். வெளியே புரட்சி நடந்துகொண்டிருக்கிறது, ஜன்னல் வழியே வந்த தோட்டா அவளைச் சாய்க்கிறது. அன்றிலிருந்து தான் ஒரு கொலைகாரன் என்று அவனுக்கு நம்பிக்கை. பெரியவனானதும் ஒவ்வொரு கொலையையும் நுணுக்கமாகத் திட்டம் போடுகிறான். செயல்படுத்துவதற்குள் அந்தப் பெண் வேறெப்படியோ இறந்துபோகிறாள். ஒரு கொலைகூடச் செய்ய முடியாத கொலைகாரனின் கதை.

மேலே சொன்ன நாலு படங்களிலும் திட்டம் கெட்டுப்போகிறது. இதில் திட்டம் நிறைவேறுகிறது, போட்டவனுக்கு மட்டும் அதில் பங்கில்லை. எழுபது வருடத்துக்கு முந்தைய படம் இவ்வளவு புதிதாக இருப்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம். ரத்தம் மிகக் குறைவு, ஒன்றரை மணி நேரம்தான், பேச்சு விளையாட்டு அதிகமில்லாததால் சப்டைட்டிலில் இழப்பும் குறைவு.

விலை வேறு விதமானது. கறுப்பு வெள்ளை, நிதானமான நடை. யாரும் ஜோக் அடிப்பதில்லை, எல்லாரும் தீவிரமான முகத்தோடு இருக்கிறார்கள். சிரிப்பை நாமே கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் வரும் மெழுகு பொம்மைக் காட்சிக்கு நிஜத்தின் நிழலும் உண்டு: அதில் நடித்த மிரோஸ்லாவா, படம் வெளியாவதற்கு முன்பே 1955 மார்ச்சில் தற்கொலை செய்துகொண்டார். தெரிந்த பிறகு அந்தக் காட்சியைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது. பழைய படங்களில் ருசி உள்ளவர்களுக்கு முதல் படமாகவே இதைக் கொடுக்கலாம். மற்றவர்கள் மூன்றாவதாக வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | மாத்தாந்தோ காபோஸ் | நிக்கோத்தீனா | முசேயோ | எல் இன்ஃபியெர்னோ | என்சாயோ தே உன் கிரிமென் |
|---|---|---|---|---|---|
| சிரிப்பு நிற்கும் இடம் | நிற்பதில்லை | முடிதிருத்தும் கடை | அகாபுல்கோ | பாதியில், நிரந்தரமாக | நம்மைப் பொறுத்தது |
| வன்முறை | நடுத்தரம் | நடுத்தரத்துக்கு மேல் | மிகக் குறைவு | மிக அதிகம் | குறைவு |
| முன்னறிவு | மல்யுத்தம் கொஞ்சம் | தேவையில்லை | 1964, 1985 சம்பவங்கள் | 2006-க்குப் பிந்தைய அரசியல் | தேவையில்லை |
| சப்டைட்டிலில் இழப்பு | நடுத்தரம் | நடுத்தரம் | குறைவு | அதிகம் | குறைவு |
| நேரம் | ஒன்றரை மணிக்குச் சற்று மேல் | ஒன்றரை மணி | இரண்டு மணிக்கு மேல் | ஏறக்குறைய இரண்டரை மணி | ஒன்றரை மணி |
| யாரோடு | நண்பர் கூட்டம் | தனியாக, இருவராக | குடும்பம் | தனியாக | பழைய பட ரசிகர்கள் |

## உங்கள் நிலைமை எது?

இதுவரை மெக்சிகோப் படமே பார்த்ததில்லை, சும்மா சிரிக்க வேண்டும் என்றால் மாத்தாந்தோ காபோஸ். யோசிக்கவே வேண்டாம்.

'நார்கோஸ்' மாதிரித் தொடர்களைப் பார்த்து, போதைக் கும்பல் என்றாலே கவர்ச்சியான வில்லன்கள் என்று பழகியவர்களுக்கு எல் இன்ஃபியெர்னோ. அந்தக் கவர்ச்சிக்குப் பின்னால் ஓர் ஊர் எப்படி அழிகிறது என்பதை இதைவிட நேர்மையாகச் சொன்ன படத்தை நான் பார்க்கவில்லை. வன்முறை தாங்காது, ஆனால் எஸ்த்ராதாவின் கோபத்தைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் 'லா லேய் தே எரோதேஸ்' பக்கம் போகலாம். 1940களின் இறுதியில், ஒரு குக்கிராமத்துக்கு மேயராக அனுப்பப்படுகிற சாமானியன் எப்படிக் கெட்டுப்போகிறான் என்ற கதை. அதிலும் அல்காசார்தான்.

வீட்டில் எல்லாரும் உட்காருகிற நாள், ஆனால் உருப்படியாக ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் முசேயோ. படம் ஆரம்பிக்கும் முன், அருங்காட்சியகத்தின் நடுமுற்றத்தில் ஒற்றைத் தூண் மேல் நிற்கிற அந்தப் பெரிய நீர்க்குடையின் படத்தையும், பாகாலின் முகமூடியையும் எல்லாருக்கும் காட்டிவிடுங்கள். களவுக் காட்சியில் பிள்ளைகள் முகமூடியை அடையாளம் கண்டு கத்துவார்கள், என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

மொழிமாற்றிய பதிப்பு கிடைத்தாலும் எடுக்காதீர்கள். சப்டைட்டிலில் வார்த்தை கொஞ்சம் தொலையலாம், மொழிமாற்றத்தில் குரலே தொலைந்துவிடும். கோசியோவின் குரல் அடித்தொண்டையிலிருந்து வருவது, அதற்கு மாற்று கிடையாது.

இரண்டு வார இறுதி கையில் இருந்தால் என் யோசனை இது: முதல் வாரம் மாத்தாந்தோ காபோஸ், அடுத்த வாரம் எல் இன்ஃபியெர்னோ. மாஸ்கரீத்தாவாக உங்களை அவ்வளவு சிரிக்க வைத்த அதே கோசியோ, கோச்சிலோகோவாக வண்டியிலிருந்து இறங்கி பென்னியைக் கட்டிப் பிடிக்கும்போது நீங்கள் பழக்கத்தில் சிரித்துவிடுவீர்கள். அந்தச் சிரிப்பு எந்தக் காட்சியில் நின்றது என்று படம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காட்சியைச் சொல்கிறார்கள், நான் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.